பர்சர் ஊற்றிய பீர்: ‘ஸ்வைப்ஸ்’ என்ற வசவின் பூர்வீகம்

மட்டமான பீரைத் திட்ட ஆங்கிலேயர்களுக்கு ஒரு சொல் போதவில்லை. ஸ்வைப்ஸ், ராட்கட், டேப்லாஷ், விப்-பெல்லி வெஞ்சன்ஸ் என்று 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வசவுகள் குவிந்து கிடந்தன. இவற்றை ஒரே இடத்தில் சேர்த்துவைத்த பெருமை ஃபிரான்சிஸ் குரோஸுக்கு உரியது. பழங்காலச் சின்னங்களை ஆராய்ந்து எழுதியவர், மிலிஷியா என்ற உள்ளூர்ப் படையில் அதிகாரியாக இருந்தவர், நல்ல பருமனான ஆள். 1785இல் அவர் வெளியிட்ட கொச்சைமொழி அகராதி, பண்டிதர்களின் அகராதிகள் தொடாத சொற்களுக்காகவே எழுதப்பட்டது. நெடும்பயணம் போகும் சிப்பாய்கள், நங்கூரச் சுழலியைத் தள்ளும் மாலுமிகள், மீன் விற்கும் பெண்கள், கிரேவ்சென்ட் படகில் வாயடிக்கும் பயணிகள் ஆகியோரிடமிருந்து சொற்களைப் பொறுக்கியதாக முன்னுரையில் அவரே சொல்கிறார்.

அந்த அகராதியின் பிற்காலப் பதிப்புகளில் ‘ஸ்வைப்ஸ்’ இருக்கிறது. விளக்கம் ஒரே வரிதான்: பர்சரின் ஸ்வைப்ஸ் என்றால் ஸ்மால் பீர்; அரசரின் கப்பல்களில் பர்சர் வழங்குவதால் இந்தப் பெயர். பர்சர் என்பவர் கப்பலில் உணவுக்கும் சாமான்களுக்கும் பொறுப்பான அதிகாரி. ஸ்மால் பீர் என்பது போதை அதிகம் ஏறாத, தண்ணீரான பீர்.

சொல்லின் வேர் பெரிய மர்மம் இல்லை. ‘ஸ்வைப்’ என்ற வினைக்கு ஒரே மடக்கில் குடித்துத் தீர்ப்பது என்று ஒரு பேச்சுவழக்குப் பொருள் உண்டு. அகராதிக்காரர்கள் பொதுவாக இதை அதோடுதான் இணைக்கிறார்கள். மடக் மடக்கென்று குடித்தாலும் ஒன்றும் ஆகாத பானத்துக்குப் பொருத்தமான பெயர். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1840களில் டிக்கன்ஸ் எழுதிய மார்ட்டின் சஸல்விட் நாவலில், ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்று மற்றவர்கள் பதறும்போது, அதெல்லாம் இல்லை, கொஞ்சம் ‘ஸ்வைப்பி’யாக இருக்கிறான் என்கிறது ஒரு பாத்திரம். குடித்திருக்கிறான் என்று அர்த்தம். போதையே தராத பீரின் பெயரிலிருந்து போதைக்கு ஒரு சொல் கிளம்பிவிட்டது!

எனக்கு வேரைவிட அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘பர்சரின்’ என்ற பகுதிதான் சுவாரசியம். மட்டமான பீருக்கு வைத்த பெயர்களில் பலவும் யாரையோ நோக்கி விரலை நீட்டுகின்றன. பீர் ஏன் கெட்டது என்பதைவிட, யார் கெடுத்தார் என்பதில்தான் வைத்தவர்களுக்கு அக்கறை. அந்த விரல் சரியான ஆளைக் காட்டியதா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் காட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் இந்த ஸ்மால் பீர் எப்படி உண்டானது என்று பார்த்துவிடலாம். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, இடித்து வெந்நீர் ஊற்றினால் இனிப்பான சாறு இறங்கும். முதல் தண்ணீரில் இறங்குவது கெட்டியான சாறு. அது நொதித்தால் ஸ்ட்ராங் பீர். அதே மால்ட்டில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கினால் இரண்டாம் தரம். மூன்றாவது முறையும் ஊற்றுவார்கள். இரண்டாம் டிகாஷன் காப்பி குடித்துப் பழகிய யாருக்கும் இதைப் படம் வரைந்து காட்ட வேண்டாம். கடைசியில் இறங்குவதில் சர்க்கரை கொஞ்சம்தான். அதனால் மதுச்சத்தும் கொஞ்சம்தான். கெடாமல் காப்பதற்குச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவும் மலிவுச் சரக்கில் குறைவாகவே விழும். பீரைக் காப்பாற்றுபவை மதுச்சத்தும் ஹாப்ஸும்தான். இரண்டும் குறைந்தால் காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருக்கும் பாக்டீரியா சீக்கிரம் வேலையைக் காட்டிவிடும். ஸ்மால் பீர் புளிப்பது அதன் பிறவிக் குணம்.

இதற்காக அதை எல்லோரும் வெறுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் காய்ச்சி நாலைந்து நாளில் குடித்து முடித்தால் தாகத்துக்கு நல்ல பானம்தான். குழந்தைகளும் குடித்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1757இல் தன் குறிப்பேட்டில் ஸ்மால் பீர் காய்ச்சும் முறையை எழுதிவைத்திருக்கிறார். தவிடு, ஹாப்ஸ், வெல்லப்பாகு போன்ற மொலாசஸ். அந்தக் காலத்தில் தண்ணீர் கெட்டது, அதனால்தான் எல்லோரும் பீர் குடித்தார்கள் என்று இணையத்தில் திரும்பத் திரும்பச் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை. ஊரில் நல்ல கிணறு இருந்தவன் தண்ணீரும் குடித்தான். ஆனால் கப்பல் வேறு கதை. பீப்பாயில் அடைத்த தண்ணீர் கடலில் நாறிப்போகும். பீர் அதைவிடக் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கேதான் கணக்கு பூதாகரமாகிறது. இங்கிலாந்தின் கடற்படையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் பீர். எட்டு பைன்ட், ஏறக்குறைய 4 லிட்டர். 1677இல், கடற்படை நிர்வாகி சாமுவேல் பீப்ஸ் காலத்து உணவு ஒப்பந்தத்திலும் இதே அளவு இருக்கிறது. 800 பேர் இருக்கும் பெரிய போர்க்கப்பலுக்கு மாதத்துக்கு 24,000 கேலன் வேண்டும். இவ்வளவையும் துறைமுகத்தில் மொத்தமாகக் காய்ச்சி, மரப் பீப்பாய்களில் அடைத்து, அடித்தளத்தில் அடுக்கி, கோடைக்காலத்தில் கடலில் உருட்டினால் என்ன ஆகும்?

1588இல் என்ன ஆனது என்று பதிவே இருக்கிறது. ஸ்பெயினின் ஆர்மடா என்ற பெரும் போர்க்கப்பல் படையை வடக்கே விரட்டிவிட்டுத் திரும்பிய ஆங்கிலக் கப்பல்களில் தொற்றுநோய் பரவியது. போரில் செத்தவர்களைவிட அதற்குப் பிறகு நோயில் செத்தவர்கள் அதிகம். படைத் தலைவர் ஹோவர்ட் பிரபு ஆகஸ்ட் கடைசியில் எழுதிய கடிதத்தில், இந்தப் புளித்த பீரோடு மாலுமிகளைத் திருப்தியாக வைத்திருப்பது எப்படி என்றே தெரியவில்லை, இதைவிட அவர்களுக்குப் பிடிக்காதது எதுவுமில்லை என்று புலம்புகிறார். நோய்க்குக் காரணமே புளித்த பானம்தான் என்று மாலுமிகள் நம்பினார்கள். தானும் அப்படியே நினைப்பதாக அவர் சேர்த்துக்கொள்கிறார். மருத்துவமாக அது தவறு. நெருக்கடியும் அழுக்கும்தான் பெரிய காரணம். ஆனால் உலகத்தின் பெரிய கடற்படையை விரட்டிய அட்மிரல் பீரைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால், அது கப்பலில் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தெரிகிறது.

சரி, இதில் பர்சர் எங்கே வருகிறார்? பீர் காய்ச்சியது அவர் இல்லை. 1683இல் அமைந்த உணவு வழங்கல் வாரியம் சொந்தமாகப் பீர் ஆலைகள் வைத்திருந்தது. போர்ட்ஸ்மத்துக்கு எதிர்க்கரையில், காஸ்போர்ட்டில் இருந்த ஆலையின் பெயர் வீவில். கப்பல் பிஸ்கட்டில் நெளியும் வண்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். மாலுமிகள் இதைச் சொல்லிச் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. ஆலையிலிருந்து வரும் பீப்பாய்க்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது மட்டும் பர்சர் வேலை. ஆனால் அன்றாடம் குழாயைத் திருகி ஊற்றும் இடத்தில் நின்றவர் அவர்தான்.

அவர் மேல் சந்தேகம் வரக் காரணமும் இருந்தது. பர்சருக்குச் சம்பளம் அற்பம். வேலையில் சேரப் பிணைத்தொகை கட்ட வேண்டும். சாமான்களுக்குச் சொந்தப் பொறுப்பு. கணக்கு உதைத்தால் கைக்காசு போகும். விறகு, மெழுகுவத்தி போன்றவற்றையும் ஒரு குறிப்பிட்ட படிக்குள் அவரே வாங்கிப்போட வேண்டும். இதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது ‘எட்டில் ஒன்று’. ஒரு பவுண்டு என்றால் 16 அவுன்ஸ். பர்சரின் பவுண்டு 14 அவுன்ஸ். மிச்சம் இரண்டும் சிந்தல், சிதறலுக்கான கழிவு. சிந்தாமல் சிதறாமல் பார்த்துக்கொண்டால் லாபம் அவருக்கு. அதாவது, மாலுமியின் தட்டில் குறைவதே பர்சரின் வருமானம் என்று ஏற்பாட்டைச் செய்தது கடற்படை நிர்வாகம். திட்டு வாங்கியது மட்டும் பர்சர். அவருக்குப் பட்டப்பெயரே ‘பாலாடைக்கட்டி கிள்ளுபவர்’ என்ற பொருளில் நிப்சீஸ்.

‘பர்சரின்’ என்ற சொல் நாளடைவில் கப்பல் பேச்சில் மட்டம், போலி என்றே ஆகிப்போனது. 1867இல் வெளிவந்த அட்மிரல் ஸ்மித்தின் மாலுமிச் சொல் அகராதியைப் புரட்டினால், பர்சரின் மெழுகுவத்தி என்றால் இருப்பதிலேயே சின்னது. பர்சரின் பெயர் என்றால் பொய்ப் பெயர். பர்சரின் சிரிப்பு என்றால் கள்ளச் சிரிப்பு. பர்சரின் ஸ்வைப்ஸை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அது பீரைப் பற்றிய சொல் என்பதைவிட நிர்வாகத்தைப் பற்றிய சொல்.

இந்தக் கோபம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1797 ஏப்ரலில் போர்ட்ஸ்மத் அருகே ஸ்பிட்ஹெட்டில் நின்ற ஆங்கிலக் கால்வாய்க் கப்பற்படை நங்கூரத்தை எடுக்க மறுத்தது. நூறு வருடத்துக்கும் மேலாக உயராத சம்பளத்தை உயர்த்து என்பது முதல் கோரிக்கை. அடுத்ததே, பவுண்டு என்றால் 16 அவுன்ஸாக இருக்கட்டும், சரக்கும் தரமாக இருக்கட்டும், அளவுகள் நாட்டில் கடைகளில் புழங்கும் அளவுகளாகவே இருக்கட்டும் என்பது. அரசு இறங்கிவந்தது, மன்னிப்பும் கிடைத்தது. கலகம் செய்தும் தூக்கில் தொங்காமல் தப்பிய அபூர்வமான சம்பவம். பர்சரின் எட்டில் ஒன்று அத்தோடு போனது.

தரையில் சிப்பாய்கள் இதே பீருக்கு வைத்த பெயர்தான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. ‘பாராளுமன்றச் சட்டம்’! ஒரு கோப்பை பாராளுமன்றச் சட்டம் கொண்டுவா என்பார்களாம். குரோஸ் விளக்குகிறார்: விடுதிக்காரர் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஐந்து பைன்ட் ஸ்மால் பீர் காசில்லாமல் தர வேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. படைக்குப் பாளையங்கள் போதாமல் சிப்பாய்களைச் சத்திரங்களில் தங்கவைத்த காலம் அது. இலவசமாகக் கொடு என்று சட்டம் சொன்னால் கடைக்காரர் எதை ஊற்றுவார்? எது மலிவோ அதை. இங்கே சிப்பாய்களின் குறி தப்பவில்லை. கடைக்காரரை விட்டுவிட்டு நேராகச் சட்டம் போட்டவர்களைப் பிடித்தார்கள்.

இந்த ஐந்து பைன்ட் அட்லாண்டிக்கையும் தாண்டியது. 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்காக லண்டன் போட்ட படைத் தங்கல் சட்டத்தில், விறகு, மெழுகுவத்தி, வினிகர், உப்பு ஆகியவற்றோடு ஆளுக்கு ஐந்து பைன்ட்டுக்கு மிகாத ஸ்மால் பீரோ ஆப்பிள் மதுவோ, இல்லையென்றால் தண்ணீர் கலந்த அரை பைன்ட் ரம்மோ தர வேண்டும் என்று எழுதியிருந்தது. நியூயார்க் சட்டசபை சிலவற்றைக் கொடுத்துவிட்டு உப்பு, வினிகர், பானம் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. பதிலுக்கு 1767இல், முழுசாகப் பணியும்வரை அந்தச் சபை வேறு சட்டமே இயற்றக் கூடாது என்று லண்டன் தடை போட்டது. புரட்சிக்கு இட்டுச்சென்ற மனக்கசப்புகளில் இதுவும் ஒன்று. சிப்பாய்கள் முகம் சுளித்துக் குடித்த பீருக்காக இவ்வளவும்!

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குற்றவாளி வேறு. 1738இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் நாகரிக உரையாடலைக் கிண்டலடித்து எழுதிய நூலில் ஒருவர் பீரைச் சுவைத்துவிட்டு, காய்ச்சியவர் மால்ட் போட மறந்திருக்க வேண்டும், இல்லை ஆறு அவர் வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார். அடுத்த வரியில்தான் விப்-பெல்லி வெஞ்சன்ஸ் வருகிறது. வயிற்றைச் சாட்டையால் அடித்துப் பழிதீர்க்கும் பானம். யார் அதிகம் குடிக்கிறாரோ அவருக்குத்தான் நஷ்டம் என்று ஒரு பின்குறிப்பும் உண்டு. டேப்லாஷ் என்பது பீப்பாய் தீரும் நேரத்தில் குழாயில் வரும் கலங்கல் மண்டி. அங்கே குற்றவாளி கடைப் பையன். ராட்கட் என்றால் குடலை அழுகவைப்பது. அதற்குக் குரோஸ் ஒரு பாட்டே தருகிறார்; தலை கிறுகிறுக்கும் முன்னே வயிறு வெடிக்கும் என்பது அதன் சாரம். 19ஆம் நூற்றாண்டில் ‘கையும் காலும்’ என்றொரு பெயர் வந்தது. பானத்தின் கெட்டித்தன்மைக்கு ஆங்கிலத்தில் ‘பாடி’, அதாவது உடம்பு என்பார்கள். இது உடம்பே இல்லாத பீர் ஆயிற்றே.

காசு கொடுத்து வாங்குபவர்கள் இப்படி அதிகம் திட்டியதாகத் தெரியவில்லை. 1725இல் லண்டன் அச்சகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தன் கூட்டாளி ஒருவர் காலையிலிருந்து வேலை முடியும்வரை ஆறு பைன்ட் குடித்து, சனிக்கிழமை சம்பளத்தில் நாலைந்து ஷில்லிங்கை அதற்கே அழுதார் என்று எழுதுகிறார். ஆனால் அது அந்த மனிதர் உடம்புக்குத் தெம்பு என்று நம்பி, தானே தேர்ந்தெடுத்து வாங்கிய ஸ்ட்ராங் பீர். ஸ்மால் பீர் வேறு யாரோ அளந்து கொடுப்பது: கப்பலில், படையில், பள்ளிக்கூடத்தில், வேலைக்காரர்கள் சாப்பிடும் அறையில். ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் கலகத் தலைவன் ஜாக் கேட் கூட்டத்துக்கு வாக்குறுதிகளை அள்ளிவிடும்போது, என் ஆட்சியில் ஸ்மால் பீர் குடிப்பது பெருங்குற்றம் என்கிறான். கூட்டத்தின் நாடி அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு பேரைத் திட்டியவர்கள் ஓர் ஆளை அனேகமாக விட்டுவிட்டார்கள்: வரி வசூலிப்பவரை. 1643இல் பாராளுமன்றம் உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்டப் பீருக்கு வரி போட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 140 வருடங்கள் இரண்டே தட்டு. பீப்பாய் விலை ஆறு ஷில்லிங்குக்கு மேல் என்றால் ஸ்ட்ராங், கடுமையான வரி. ஆறும் அதற்குக் கீழும் ஸ்மால், சொற்ப வரி. நடுத்தரமாக ஒரு நல்ல பீரைக் காய்ச்சினாலும் ஸ்ட்ராங் பீர் வரிதான். அதனால் நடுவில் இருப்பதைக் காய்ச்ச யாருக்கும் மனம் வராது. இன்னொரு குறுக்குவழியும் திறந்தது: சொற்ப வரி கட்டிய ஸ்மால் பீரை ஸ்ட்ராங் பீரில் கலந்து முழு விலைக்கு விற்பது. சட்டம் தடுத்தது, கடைக்காரர்கள் விடவில்லை.

கலந்தால் நுரையும் குறையும், கிக்கும் குறையும். இதற்குச் செய்த வைத்தியத்தை 1820இல் ஃபிரெட்ரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர் புத்தகமாகவே போட்டு உடைத்தார். பானைக்குள் மரணம் இருக்கிறது என்ற பைபிள் வாசகம் அதன் அட்டையில். நுரைக்கு இரும்பு சல்பேட்டும் படிகாரமும். போதைக்கு ‘காக்குலஸ் இண்டிகஸ்’. பெயர் லத்தீனாக இருந்தாலும் சரக்கு நமக்குத் தெரிந்ததுதான். மலபார்க் கரையிலிருந்து கப்பலேறிய காக்கைக்கொல்லி விதை. நம் பக்கத்தில் குளத்து மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட நஞ்சு. அதன் சாற்றைத் தோல் பதனிடுபவர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் என்று சொல்லிக்கொண்டு பீர் காய்ச்சுபவர்களுக்கு விற்றார்கள் என்று ஆக்கம் எழுதினார். தண்டனை பெற்றவர்களின் பெயர்களையும் பட்டியல் போட்டார். லண்டனில் அவருக்கு எதிரிகள் பெருகியதில் ஆச்சரியமில்லை. நூலகப் புத்தகத்தில் பக்கம் கிழித்ததாக ஒரு வழக்கு வந்து, அவர் ஜெர்மனிக்கே திரும்பிப் போனார்.

கடற்படையில் ஸ்வைப்ஸின் கதையை முடித்தது தரம் உயர்ந்தது அல்ல, ரம்தான். வெப்பக் கடல்களுக்குப் போன கப்பல்களில் பீர் சில வாரங்களுக்கு மேல் நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு விதிகளிலேயே ஒரு கேலன் பீருக்குப் பதில் ஒரு பைன்ட் திராட்சை மது, இல்லையென்றால் அரை பைன்ட் பிராந்தி, ரம், அல்லது அராக் என்று இருக்கிறது. இந்தியக் கடல்களில் அராக் என்றால் நம்மூர்ச் சாராயம். 1740இல் அட்மிரல் வெர்னன் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னார். அதுவே கிராக் என்ற பானம் ஆனது. 1831இல் பீர்ப்படி அடியோடு நின்றது. அதே சமயத்தில் பிளிமத்தில் ஜான் ரென்னி கட்டிக்கொண்டிருந்த பிரம்மாண்டமான ராயல் வில்லியம் யார்டில் ஒரு பீர் ஆலையும் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டி முடித்தார்கள். ஒரு பீப்பாய்கூட அதில் காய்ச்சவில்லை.

கரையில் 1830இல் பீர் வரி எடுபட்டு, ஸ்ட்ராங், ஸ்மால் என்ற சட்டப் பிரிவும் போனது. பீர் புளிப்பதன் உண்மையான குற்றவாளி சிக்கியது இன்னும் 40 வருடம் கழித்து. 1871இல் லூயி பாஸ்டர் லண்டனில் விட்பிரெட் ஆலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நோய்க்கிருமிகள் கலந்திருப்பதைக் காட்டினார். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி போனபோது ஆலைக்காரர்கள் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கிவைத்திருந்தார்கள். பீரைப் பற்றிய அவருடைய நூல் 1876இல் வந்தது.

அதற்குள் திட்டுச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியிருந்தன. டேப்லாஷும் விப்-பெல்லியும் அகராதிகளுக்குள் ஒதுங்கிவிட்டன. ஸ்வைப்ஸ், பர்சரைக் கழற்றிவிட்டு எந்த மட்டமான பீருக்கும் பொதுப் பெயராகி, விக்டோரியா காலம் முழுக்கப் பேச்சில் ஓடியது. ராட்கட் மட்டும் சரக்கை மாற்றிக்கொண்டு பிழைத்தது. அமெரிக்கா போய் மலிவு விஸ்கியின் பெயரானது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்கும் ஆங்கிலேயருக்குக்கூடப் பீர் நினைவுக்கு வருவதில்லை.